வலையில் ஆமை வந்தால், 48 மணி நேரக் கணக்கு

காசிமேட்டுப் பசங்களுக்காக எழுதுகிறேன். பங்குனி ஆமை, திமிங்கலச் சுறா எது வலையில் சிக்கினாலும் முதலில் பதறாதீர்கள். இரண்டும் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே அட்டவணை.

உயிரோடு இருந்தால் வலையை அறுத்துவிடுங்கள், வலை போனால் போகட்டும். ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். குப்புற வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, மூக்கை மூடாமல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டால் நுரையீரல் தண்ணீர் வடிந்து சில மணி நேரத்தில் அசைய ஆரம்பிக்கலாம். அப்புறம் எஞ்சினை நியூட்ரலில் போட்டு மெதுவாக இறக்குங்கள்.

செத்ததைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டீர்களா? அது இப்போது அரசாங்கச் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறை அதிகாரியிடமோ தகவல் சொல்லவேண்டும் (39வது பிரிவு). பிடித்த இடம், நேரம், ஜிபிஎஸ் அளவு, இரண்டு போட்டோ, இவ்வளவு போதும். அம்பர் கட்டி (திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகு மாதிரிப் பொருள்) கிடைத்தாலும் இதே கதைதான். ரகசியமாக விலை பேச வருகிறவனை நம்பி மாட்டினால் 3 முதல் 7 வருடம் உள்ளே.