ஆமை மூச்சுவிடும்போது சத்தம் கேட்டால் என்ன செய்வது? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஆமை எழுப்பும் எல்லாச் சத்தமும் நோயின் அறிகுறியன்று. தலையை ஓட்டுக்குள் இழுக்கும்போது வரும் ‘உஸ்’ என்ற ஒலி சீற்றத்தால் வருவதில்லை. தலைக்கும் கால்களுக்கும் உள்ளே இடம் தேவைப்படுவதால் நுரையீரலிலுள்ள காற்று வெளியே தள்ளப்படுகிறது. இணைசேரும் ஆண் ஆமை முனகுவதும் இயல்பே. மாறாக, ஆமை அசையாமல் ஓய்ந்திருக்கையில் ஒவ்வொரு மூச்சோடும் சீழ்க்கையோ, ‘க்ளிக்’ என்ற ஒலியோ, சளி கொரகொரப்போ தொடர்ந்து கேட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

முதற்படி, கேட்பது. கொழும்பில் வாகன இரைச்சல் மிகுந்த காலி வீதி (Galle Road) போன்ற பெருஞ்சாலைகளை ஒட்டிய தொடர்மாடிகளில் பகலில் இது இயலாத காரியம் என்பதால், விடியற்காலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆமையைத் தொடாமல் பத்து நிமிடம் அருகில் அமர்ந்திருங்கள். ஆமையின் மூச்சு நீண்ட இடைவெளி விட்டே வரும். அந்த இடைவெளியைக் கண்டு பதற வேண்டாம். சத்தம் கேட்டால் கைத்தொலைபேசியில் காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். வைத்தியரின் மேசையில் வைத்தவுடன் பெரும்பாலான ஆமைகள் ஓட்டுக்குள் ஒடுங்கிவிடுவதால், அந்தப் பதிவே அவருக்குப் பெரிதும் உதவும்.

இரண்டாவது படி, பார்ப்பது. மூக்குத் துவாரத்தில் புல்லோ உணவுத் துணுக்கோ ஒட்டியிருந்தாலும் மெல்லிய சீழ்க்கை வரலாம். இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் மேலாகத் துடைத்த பின் சத்தம் நின்று, மீண்டும் வராவிட்டால் கவலையில்லை. மூக்கில் குமிழ்கள், வீங்கிய கண்கள், திறந்த வாய், மூச்சுக்கு மூச்சு நீளும் கழுத்து, முன்கால்களை உந்தி உந்தி மூச்சிழுத்தல் ஆகியவை சுவாசத் தொற்றைச் சுட்டுகின்றன. ஆமைக்கு நம்மைப் போன்ற உதரவிதானம் இல்லை. கால்களை ஒட்டிய தசைகளும் வயிற்றுத் தசைகளுமே நுரையீரலை இயக்குகின்றன. சளியை இருமி வெளியேற்றவும் அதனால் இயலாது என்பதால், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பது ஆபத்தானது. அலங்கார மீன் கடைகளில் வாங்கும் சிவப்புக் காது நீராமை ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால், நுரையீரல் அழற்சியாக இருக்கலாம்.

மூன்றாவது படி, இருப்பிடத்தைச் சோதிப்பது. கொழும்பின் இயற்கை வெப்பம் ஆமைக்குப் போதுமானதே. இங்கே தொல்லை தருபவை இரவெல்லாம் ஓடும் குளிரூட்டியும், மழைக்காலத்தில் ஈரம் காயாத தரையுந்தான். இலங்கையின் ஒரே நிலவாழ் ஆமையினமான நட்சத்திர ஆமை உலர்வலயத்துக்குரியது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் அது எளிதில் நோயுறும். நுளம்புச்சுருள் புகை, சாம்பிராணி, மரத்தூள் ஆகியவற்றையும் விலக்குங்கள். வெள்ளரிக்காயும் தக்காளியும் மட்டுமே தின்னும் ஆமைக்கு விற்றமின் ஏ குறைந்து, மூச்சுப்பாதையின் உட்சவ்வு பலவீனமடையலாம். பொன்னாங்காணியும் செவ்வரத்தை இலையும் கொடுங்கள்.

நான்காவது படி, வைத்தியரிடம் செல்வது. வாய் திறந்து மூச்சுவிடும் ஆமையை அன்றைக்கே கொண்டுசெல்லுங்கள். ஊர்வனவற்றைப் பார்ப்பீர்களா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. சமையலறைத் தராசில் எடையைக் குறித்துக்கொண்டு, துணி விரித்த காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். குளிரூட்டிய வாகனமானால் குளிரை நிறுத்தச் சொல்லுங்கள். தைலம் பூசுவதும், வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் கூடாது. நாய்களுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமையைக் கொன்றுவிடக்கூடும்.

நட்சத்திர ஆமையை அனுமதியின்றி வைத்திருப்பது இலங்கையில் குற்றமாகும். 2019 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலிலும் இருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி நோயுற்ற ஆமையை மறைத்துவைப்பவர்கள் உண்டு. அதனால் அழிவது ஆமைதான். அத்தகைய ஆமை உங்களிடம் இருந்தால் பத்தரமுல்லையிலுள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

சிகிச்சை சில வாரங்கள் நீளலாம். பின்னங்காலில் போடும் மருந்து உடலெங்கும் பரவுமுன் சிறுநீரகத்தைச் சென்றடையக்கூடும் என்பதால், ஊசியைப் பெரும்பாலும் முன்னங்காலிலேயே போடுவார்கள். சத்தம் நின்றவுடன் மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள். வைத்தியர் சொன்ன நாள் வரை தொடருங்கள். அதுவரை மற்ற ஆமைகளைத் தனியே வைத்து, ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.