அரசு வழக்கறிஞர் தேர்தலில் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் உள்ளூர் அரசு வழக்கறிஞர் பதவிக்கும் தேர்தல் உண்டு. நம்மூரில் அரசு பார்த்து நியமிக்கிற பதவி இது. அங்கே நன்கொடை திரட்டி, விளம்பரம் கொடுத்து, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டுத்தான் பெரும்பாலான மாநிலங்களில் அந்த நாற்காலிக்கு வர முடியும். 1832-ல் மிசிசிப்பி மாநிலம் தொடங்கி வைத்த வழக்கம். இன்று அலாஸ்கா, கனெக்டிகட், டெலவேர், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் மட்டுமே இதற்கு விலக்கு. பதவியின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, இல்லினாயில் ஸ்டேட்ஸ் அட்டர்னி, வர்ஜீனியாவில் காமன்வெல்த்ஸ் அட்டர்னி. பேச்சு வழக்கில் பல ஊர்களில் டி.ஏ.தான்.

ஒருவர் மீது வழக்குப் போடுவதா வேண்டாமா, எந்தக் குற்றத்தைச் சாட்டுவது, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்கலாமா என்பதெல்லாம் இவர் கையில் இருக்கிறது. அங்கே குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் பலர் ஜனாதிபதி யார் என்பதில் காட்டும் அக்கறையை அதே வாக்குச்சீட்டில் கீழே இருக்கும் இந்தப் பெயருக்குக் காட்டுவதில்லை. ஆனால் மகன் ஒரு தகராறில் மாட்டினாலோ, கடையில் கொள்ளை நடந்தாலோ, நம் வாழ்க்கையில் நேரடியாகக் கை வைப்பவர் வாஷிங்டனில் இல்லை, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றக் கட்டடத்தில்தான் இருக்கிறார்.

மேயர் பதவிக்கு நிற்பவர் ‘இந்தச் சாலையைப் போட்டுத் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கலாம். டி.ஏ. பதவிக்கு நிற்பவர் ‘இன்னாரை உள்ளே தள்ளுவேன்’ என்று சொன்னால், ஆதாரத்தைப் பார்க்காமலே முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். பிரசாரத்தில் சொன்ன சொல்லும் வாங்கிய பணமும் பிறகு அவரோடு நீதிமன்றத்துக்குள்ளேயே வருகின்றன. இந்தத் தேர்தலில் நடக்கும் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

நடக்கும் வழக்கைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவது

இதற்கு நார்த் கரோலினாவின் டர்ஹம் கவுண்டியில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. மைக் நைஃபாங் அந்த அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2005-ல் ஆளுநர் அவரை டி.ஏ.வாக நியமித்தார். 2006 மே 2 அன்று, வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். எதிரே நின்றவர்களில் முக்கியமானவர் அதே அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்த, ஊரறிந்த வக்கீல் ஒருவர். போட்டி கடுமை.

அந்த மார்ச்சில், டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் (வலை கட்டிய கோலால் ஆடும் பந்தாட்டம்) அணியினர் நடத்திய விருந்துக்கு நடனமாட வந்த பெண் ஒருவர், தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக அந்த அணியினர் மீது புகார் கொடுத்தார். அவர் கறுப்பினப் பெண், புகாருக்கு ஆளானவர்கள் வசதியான வெள்ளைக்கார மாணவர்கள். டர்ஹம் கறுப்பின வாக்காளர்கள் நிறைய உள்ள ஊர். நைஃபாங் சில வாரங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேட்டிகள் கொடுத்தார். மாணவர்களை ரவுடிக் கூட்டம் என்றார். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பெண்ணின் கழுத்தை எப்படி நெரித்திருப்பார்கள் என்று கையை வளைத்து நடித்தே காட்டினார். இதெல்லாம் ஒருவர் மீதும் குற்றம் பதிவாவதற்கு முன்பு.

ஏப்ரல் 10 அன்று, டி.என்.ஏ. சோதனையில் அணியினர் யாருடைய மரபணுவும் பொருந்தவில்லை என்று மாணவர்களின் வக்கீல்கள் அறிவித்தார்கள். மறுநாள் நைஃபாங் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் ‘இந்த வழக்கு எங்கும் போய்விடாது’ என்ற பொருளில் பேசினார். ஓட்டுப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் இருவர் மீது குற்றம் பதிவானது, தேர்தல் முடிந்தபின் மூன்றாமவர் மீது. தேர்தலில் நைஃபாங் ஜெயித்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தனியார் ஆய்வகம் சோதித்த மாதிரிகளில் அடையாளம் தெரியாத வேறு ஆண்களின் மரபணு இருந்தது. அதை அறிக்கையில் சேர்க்காமல் விடுவது என்று தானும் நைஃபாங்கும் பேசி வைத்துக்கொண்டதாக ஆய்வக இயக்குநர் டிசம்பரில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2007 ஏப்ரல் 11 அன்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராய் கூப்பர் வழக்கைக் கைவிட்டதோடு நிற்காமல், மூவரும் குற்றமற்றவர்கள் என்றே அறிவித்தார். ஜூனில் நைஃபாங்கின் வக்கீல் உரிமம் பறிபோனது. நீதிமன்ற அவமதிப்புக்காக ஒரு நாள் சிறையிலும் இருந்தார். 2024 இறுதியில் புகார் கொடுத்தவரே அது பொய் என்று ஒப்புக்கொண்டார்.

இதில் பாதிக்கப்பட்டது மூன்று மாணவர்கள் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அதன்பின் உண்மையாகவே வன்முறைக்கு ஆளாகிப் புகார் கொடுக்கத் தயங்கிய பெண்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க பார் சங்கம் (வக்கீல்களின் அமைப்பு) வகுத்த மாதிரி நடத்தை விதிகளில் 3.8, குற்றம் சாட்டப்பட்டவர் மீது பொதுமக்களின் வெறுப்பைத் தூண்டும் பேச்சை அரசு வழக்கறிஞர் தவிர்க்க வேண்டும் என்கிறது. பல மாநிலங்களின் விதிகள் இதை ஒட்டியே அமைந்தவை. அதனால் வேட்பாளர் ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: கொள்கையைப் பற்றிப் பேசலாம், ஆளைப் பற்றிப் பேசக்கூடாது. ‘சிறு அளவு கஞ்சா வைத்திருந்தவர்களை வழக்கில் சேர்க்க மாட்டேன்’, ‘துப்பாக்கி வழக்குகளுக்குத் தனிப்பிரிவு வைப்பேன்’ என்பவை எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் கொள்கைகள். வாக்காளர் அதைக் கேட்டு எடை போடலாம். பெயர் சொல்லி, ‘அந்த போலீஸ்காரரை விடமாட்டேன்’ என்றாலும் தவறு, ‘அவர் மேல் கை வைக்க மாட்டேன்’ என்றாலும் அதே தவறு. கூட்டத்தில் யாராவது எழுந்து நேரடியாகக் கேட்டால், ‘கோப்பைப் படிக்காமல் பதில் சொல்ல மாட்டேன்’ என்பதுதான் பதில். கைதட்டல் கிடைக்காது. கிடைக்க வேண்டியதும் இல்லை.

‘வழக்கு முடிந்துவிட்டதே’ என்று பணம் வாங்குவது

இந்தத் தேர்தலில் பணம் கொடுப்பவர்களில் கணிசமானவர்கள் வக்கீல்கள். அவர்களே பிறகு அதே டி.ஏ. முன் தங்கள் கட்சிக்காரருக்காகப் பேச வருகிறார்கள். சட்டம் இதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை.

மன்ஹாட்டன் டி.ஏ.வாக இருந்த சைரஸ் வான்ஸ் விஷயத்தைப் பாருங்கள். டிரம்ப் சோஹோ என்ற கட்டடத்தில் வீடு வாங்கியவர்களை, எவ்வளவு விற்றிருக்கிறது என்பதில் டிரம்பின் பிள்ளைகள் ஏமாற்றினார்களா என்று அவர் அலுவலகம் விசாரித்து வந்தது. டிரம்பின் வக்கீல் மார்க் கசோவிட்ஸ் 2012 ஜனவரியில் வான்ஸின் பிரசார நிதிக்கு 25,000 டாலர் கொடுத்திருந்தார். மே மாதம் அவர் வழக்கு குறித்துப் பேச வரவிருந்தபோது வான்ஸ் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இதுவரை சரி. ஆகஸ்டில் விசாரணை கைவிடப்பட்டது. ஆறு மாதத்துக்குள் அதே வக்கீல் முன்பைவிடப் பெரிய தொகை கொடுத்தார், பிறரிடமும் திரட்டித் தந்தார். மொத்தம் 50,000 டாலரைத் தாண்டியது. வான்ஸ் வாங்கிக்கொண்டார். 2017-ல் பத்திரிகைகள் இதை வெளியிட்ட பிறகு, அந்த வக்கீல் கொடுத்ததைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்.

பணம் தன் முடிவைத் தொடவில்லை என்றார் வான்ஸ். அதைப் பொய் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. ஆனாலும் அவர் செய்தது தவறு என்றே சொல்வேன். வழக்கு நடக்கும்போது வாங்கக்கூடாத பணம் என்று அவரே ஒரு தடவை முடிவு செய்திருக்கிறார். வழக்கு முடிந்த சில மாதத்தில் அது எப்படி வாங்கத்தக்க பணமாகும்? அடுத்து வரும் வக்கீல் இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்?

வான்ஸ் பிறகு கொலம்பியா சட்டக் கல்லூரியிலுள்ள ஒரு மையத்திடம் ஆலோசனை கேட்டார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதே வேட்பாளருக்குத் தெரியாதபடி நிதி திரட்டலாம் என்றும், அலுவலகத்தில் வழக்குள்ள வக்கீல்களின் நன்கொடைக்குச் சிறிய உச்சவரம்பு வைக்கலாம் என்றும் 2018 அறிக்கை பரிந்துரைத்தது. இதைப் பிரச்சினை வெடித்த பிறகு செய்வதில் பாதிப் பலன்தான். முதல் நன்கொடை வாங்கும் முன்பே, ‘யாரிடம் வாங்க மாட்டேன்’ என்று எழுதி வெளியிடும் வேட்பாளர் பின்னால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

போலீஸ் சங்கங்களின் பணமும் இதே ரகம். போலீஸ்காரர் ஒருவர் சுட்டதில் ஒருவர் இறந்துபோனால், அவர் மீது வழக்கா இல்லையா என்று முடிவு செய்வது டி.ஏ. 2020-ல் கலிஃபோர்னிய அரசு வழக்கறிஞர்கள் சிலர், இந்தச் சங்கங்களிடம் பணம் வாங்குவதை விதி போட்டே தடுக்க வேண்டும் என்று மாநில பார் அமைப்பைக் கேட்டார்கள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் தேர்தலில் பதவியிலிருந்த ஜாக்கி லேசிக்காகப் போலீஸ் சங்கங்கள் பெரும் பணம் செலவழித்தன. எதிர்த்து நின்று ஜெயித்த ஜார்ஜ் காஸ்கோனுக்கு ஜார்ஜ் சோரோஸ் போன்ற பெரும் கொடையாளர்களின் பணம் இருந்தது. இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணம் பிறகு முடிவைத் தொடுமா? வெளிக்குழு ஒன்று நமக்காகப் பொய்யான விளம்பரம் போட்டால், ‘அது என் குழு இல்லை, எனக்குத் தெரியாது’ என்று ஒதுங்குவது சட்டத்துக்குப் போதும், நேர்மைக்குப் போதாது. அந்த விளம்பரம் தவறு என்று பெயர் போட்டு ஓர் அறிக்கை விட யாரும் தடுக்கவில்லை.

அலுவலகத்தையும் பிரசாரத்தையும் கலப்பது

பதவியில் இருந்துகொண்டே மறுபடி நிற்பவர்கள் சறுக்கும் இடம் இது. புரூக்ளினில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டி.ஏ.வாக இருந்த சார்ல்ஸ் ஹைன்ஸ் 2013-ல் தோற்றார். அடுத்த ஆண்டு வந்த நகர விசாரணை அறிக்கை, குற்றவாளிகளிடம் பறிமுதல் செய்த பணத்திலிருந்து இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஓர் ஆலோசகருக்குப் போனதாகவும், அவர் பார்த்தது பெரும்பாலும் அரசியல் வேலை என்றும் சொன்னது. அலுவலக மின்னஞ்சலிலேயே பிரசார வேலை நடந்திருந்தது. கிரிமினல் வழக்கு வரவில்லை, அபராதம் கட்டினார். அலுவலக போன், கார், லெட்டர்பேடு எதுவும் பிரசாரத்துக்குக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் நடக்கும் ஒன்று உண்டு: தன் கீழே வேலை பார்க்கும் உதவி வழக்கறிஞர்களிடம் நன்கொடை கேட்பது. ‘விருப்பப்பட்டால் கொடுங்கள்’ என்று மேலதிகாரி சொல்லும்போது அங்கே விருப்பம் என்று ஒன்று இல்லை.

அன்பளிப்புகளை மறைப்பது இன்னும் மோசம். ஃபிலடெல்ஃபியா டி.ஏ. சேத் வில்லியம்ஸ், ஆண்டுக்கணக்கில் வாங்கிய 1,60,000 டாலருக்கு மேலான அன்பளிப்புகளை 2016-ல்தான் கணக்கில் காட்டினார். அதில் வீட்டுக்குப் போட்டுக்கொண்ட புதுக் கூரையும் ஒன்று. நகர அறநெறி வாரியம் 62,000 டாலர் அபராதம் விதித்தது. அதோடு முடியாமல், 2017-ல் லஞ்ச வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

வெற்றிச் சதவீதத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பது

‘நான் தொடுத்த வழக்குகளில் 95 சதவீதம் தண்டனை’ என்று துண்டுப்பிரசுரத்தில் போடுவது சுலபம். மாநில நீதிமன்றங்களில் தண்டனைகளில் சுமார் 94 சதவீதம் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிபவை என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. ஆக, அந்தச் சதவீதம் வேட்பாளரின் திறமையைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. அதைவிட, அந்த எண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு கடினமான வழக்குகளை எடுக்கவிடாமல் செய்யும். எத்தனை வழக்குகளை ஆதாரம் போதாது என்று கைவிட்டீர்கள், எத்தனை பழைய தீர்ப்புகளை மறுபரிசீலனை செய்தீர்கள் என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

போட்டியாளரைப் பற்றி அவதூறு பேசுவதும் இங்கே வெறும் அரசியல் இல்லை. சட்டப் பதவிக்கு நிற்கும் இன்னொருவரின் தகுதி பற்றித் தெரிந்தே பொய் சொல்வதை மாதிரி விதி 8.2 தடை செய்கிறது. உரிமத்தையே பாதிக்கும்.

இன்னொருவர் மேடையில் ஏறுவது

ஜார்ஜியாவின் ஃபுல்டன் கவுண்டி டி.ஏ. ஃபானி வில்லிஸ், 2020 ஜனாதிபதித் தேர்தல் முடிவை மாற்ற நடந்த முயற்சி பற்றிய விசாரணையில் பர்ட் ஜோன்ஸ் என்ற மாநில செனட்டரையும் விசாரித்து வந்தார். 2022-ல் ஜோன்ஸ் துணை ஆளுநர் பதவிக்கு நின்றார். எதிர்க்கட்சியில் அதே பதவிக்கு முயன்ற சார்லி பெய்லிக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வில்லிஸ் முன்னின்றார். பெய்லியே ஜோன்ஸின் எதிரியாக வந்தார். வெளியிலிருந்து பார்க்க இது படுமோசமாக இருக்கிறது என்று நீதிபதி ராபர்ட் மெக்பர்னி கண்டித்து, ஜோன்ஸ் சம்பந்தப்பட்ட விசாரணையிலிருந்து வில்லிஸ் அலுவலகத்தை விலக்கினார். அந்த ஒரு பகுதியில் வேறொருவர் முடிவு சொல்ல 2024 செப்டம்பர் ஆனது. வழக்குத் தொடர வேண்டாம் என்பது அவர் முடிவு. ஒரு மாலை நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டு விலை.

வாக்காளர் செய்யும் தவறு

ஆராய்ச்சியாளர் ரொனால்ட் ரைட் 2009-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மறுபடி நிற்கும் அரசு வழக்கறிஞர்களில் சுமார் 95 சதவீதம் பேர் ஜெயிக்கிறார்கள். அவர்களில் 85 சதவீதம் பேருக்கு எதிராக யாரும் நிற்பதே இல்லை. எதிராளி இல்லாத இடத்தில் நன்கொடைப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கவும் ஆள் இருக்காது. அந்த வேலை நம் தலையில்தான் விழுகிறது.

பட்டியல் பொதுவில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். நியூயார்க்கில் தேர்தலுக்கு 32 நாள் முன்பும் 11 நாள் முன்பும் அறிக்கை வரும். 2021 மன்ஹாட்டன் உட்கட்சித் தேர்தலில் வேட்பாளர் டாலி ஃபர்ஹாதியன் வைன்ஸ்டைன், கடைசி வாரங்களில் தன் சொந்தப் பணம் 82 லட்சம் டாலரைப் பிரசாரத்தில் போட்டார். சட்டத்துக்கு உட்பட்டதுதான். அவர் ஆல்வின் பிராகிடம் தோற்றார். ஆனால் அந்தத் தொகை வெளியே தெரிந்த நேரத்தில் முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கும் தறுவாயில் இருந்தது. முன்கூட்டியே ஓட்டுப் போடும் பழக்கமுள்ளவர்கள், தங்கள் மாநிலத்தில் கடைசி அறிக்கை என்றைக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டு, அதைப் படித்துவிட்டு அதற்கு மறுநாள் வாக்குச்சாவடிக்குப் போகலாம்.