ஒல்லி போனின் பேட்டரி: அந்தக் காலி இடத்தை நிரப்பாதீர்கள்

போன் பழுதுபார்க்கும் மேசைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள் புதியவை அல்ல. இன்று கைதேர்ந்தவர்களாக இருப்பவர்கள் ஒருகாலத்தில் செய்து, சூடுபட்டுத் திருந்திய அதே தவறுகள்தான். முழுச் சார்ஜோடு போனைத் திறக்காதே, உலோகக் கத்தியால் நெம்பாதே என்பதையெல்லாம் முதல் நாளே எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறோம். போன் ஒல்லியாக ஆக, பேட்டரி விஷயத்தில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கணக்கில் வருகிறது. அந்தக் கணக்கு தப்பும் இடங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

போனின் தடிமனும் பேட்டரியின் தடிமனும் ஒன்றென்று நினைப்பது

8 மி.மீ. போனை 7 மி.மீ. ஆக்கினால் எட்டில் ஒரு பங்குதானே போகிறது, பேட்டரியும் அவ்வளவுதானே குறையும் என்று தோன்றும். டிஸ்பிளே, அதன் மேல் கண்ணாடி, பின்மூடி, பசை, நடுவிலிருக்கும் உலோகத் தகடு இவையெல்லாம் அப்படியேதான் இருக்கும். அவற்றுக்கு 3.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பேட்டரிக்கு மிஞ்சுவது 4.5 மி.மீ. குறைக்கிற 1 மி.மீ. முழுவதும் அதிலிருந்துதான் போக வேண்டும். எட்டில் ஒன்று என்று நினைத்தது நான்கில் ஒன்றை நெருங்கிவிடுகிறது. செல்லைச் (மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியின் உடலை) சுற்றியுள்ள அலுமினிய உறைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 0.1 மி.மீ. வீதம் வேண்டும். செல் எவ்வளவு மெலிந்தாலும் அந்த உறை மெலியாது.

2025-இல் வந்த கேலக்ஸி எஸ்25 பிளஸ் 7.3 மி.மீ. தடிமன், 4900 எம்ஏஎச் (mAh, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). அதே 6.7 அங்குலத் திரையுள்ள எஸ்25 எட்ஜ் 5.8 மி.மீ., 3900 எம்ஏஎச். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொடுத்த விலை ஆயிரம் எம்ஏஎச். எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2018-இன் ஐபோன் எக்ஸ்எஸ் 7.7 மி.மீ., 2658 எம்ஏஎச். அடுத்த ஆண்டு வந்த 11 புரோ 8.1 மி.மீ., 3046 எம்ஏஎச். திரையை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் 3டி டச் அடுக்கை எடுத்ததும் அதற்கு உதவியது. கையில் பிடித்தால் தெரியாத 0.4 மி.மீ.தான் அது.

இந்த இழப்பை ஈடுகட்ட வடிவமைப்பாளர்கள் பேட்டரியை அகலப்படுத்துகிறார்கள். 5.6 மி.மீ. ஐபோன் ஏரில் கேமரா மேட்டுக்குள்ளேயே மதர்போர்டைத் தள்ளிவிட்டு, கீழே உள்ள இடத்தைப் பேட்டரிக்கு விட்டிருக்கிறார்கள். அப்படியும் கிடைத்தது 3149 எம்ஏஎச்தான்.

எம்ஏஎச் எண்ணை மட்டும் பார்ப்பது

அதை வோல்டேஜால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, வாட்-அவரில், அதாவது உள்ளே இருக்கும் ஆற்றலாகப் பாருங்கள். 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் 19.25 வாட்-அவர். சில வேகச் சார்ஜ் போன்களில் இரண்டு செல்கள் தொடராக இருக்கும். அங்கே தனிச் செல்லின் எண்ணையும் மொத்தக் கொள்ளளவையும் ஒப்பிட்டால் பாதிக்குப் பாதி தவறிவிடும்.

காலி இடத்தை நிரப்புவது

இதுதான் இன்னும் எரிச்சலூட்டும் தவறு. இதற்குத்தான் டிஸ்பிளேயைப் பலிகொடுக்கிறார்கள்.

ஒல்லி போனைத் திறந்து பழைய பேட்டரியை எடுத்ததும், அந்தக் குழியில் பேட்டரிக்கு மேல் கொஞ்சம் இடம் சும்மா இருந்தது கண்ணில் படும். "இங்கேதான் இடம் இருக்கிறதே, கொஞ்சம் பெரிய பேட்டரியாகப் போட்டால் என்ன?" என்று கேட்காத புதியவர் இல்லை. அதற்கேற்றாற்போல் 20 சதவீதம் கூடுதல் கொள்ளளவு என்று லேபிள் ஒட்டிய செல்களும் கிடைக்கின்றன. போட்டால் மூடி மூடிக்கொள்கிறது. லேசாக அழுத்த வேண்டும், அவ்வளவுதான். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு போகிறார். சில மாதம் கழித்து அதே போன் திரையின் நடுவில் வெளிறிய திட்டோடும், ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளியோடும் திரும்பி வருகிறது. பேட்டரிக்கு வாங்கிய கூலியைப்போலப் பல மடங்கு டிஸ்பிளேக்குப் போகிறது.

அந்த இடம் சும்மா விடப்பட்டதல்ல. பேட்டரி மூச்சுவிடும் இடம் அது. சார்ஜ் ஏறும்போது லித்தியம், செல்லின் எதிர்மின்முனையாக இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைந்து அதை ஏறக்குறைய 10 சதவீதம் பருக்க வைக்கிறது. இறங்கும்போது அது சுருங்குகிறது. இது தினமும் நடப்பது. இதற்கு மேல், மாதக்கணக்கில் எலக்ட்ரோலைட் (மின்முனைகளுக்கு இடையிலுள்ள திரவம்) சிதைந்து வாயு சேரும். மின்முனைகளின் மேல் படியும் அடுக்கும் தடிக்கும். இந்தப் பருமன் திரும்பிச் சுருங்காது. அதனால்தான் செல்லின் தடிமனில் சுமார் பத்தில் ஒரு பங்கை மேலே காலியாக விடுவது வடிவமைப்பில் பொது விதி. 4.5 மி.மீ. செல்லுக்கு 0.45 மி.மீ.; 3 மி.மீ. செல்லுக்கு வெறும் 0.3 மி.மீ. ஒல்லி போனில் நீங்கள் 0.3 மி.மீ. கூடுதல் செல்லைப் போட்டால், இரண்டு ஆண்டில் வரவேண்டிய வீக்கத்தை முதல் நாளே உள்ளே வைத்து மூடிவிட்டீர்கள் என்று பொருள்.

செல்லுக்குள் இடம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016-இல் கேலக்ஸி நோட் 7 காட்டியது. 7.9 மி.மீ. போன், 3500 எம்ஏஎச். 2017 ஜனவரியில் சாம்சங் வெளியிட்ட விளக்கத்தின்படி, முதல் தொகுதி செல்களில் உறைக்குள் மின்முனைச் சுருளுக்குப் போதிய இடம் இல்லை. மேல் வலது மூலையில் எதிர்மின்முனை மடங்கிப்போயிருந்தது. மாற்றாக வந்த இரண்டாவது தொகுதியில் கோளாறு வேறு: வெல்டிங் பிசிறும், சில செல்களில் விடுபட்ட காப்பு டேப்பும். மூடியை அழுத்தி மூடும் கை, நல்ல செல்லுக்கும் அந்த முதல் வகை நெருக்கடியைத்தான் கொடுக்கிறது.

லேபிளில் கொள்ளளவு கூடியிருந்தால் மூன்றில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். செல் பெரிதாக இருக்க வேண்டும். அல்லது வேதியியல் வேறாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் லேபிள் பொய். கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள்.

முதலில் எடை. ஒரே வேதியியலில் 20 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டுமென்றால் எடையும் அதே அளவுக்குக் கூடியாக வேண்டும். 40 கிராம் பழைய செல்லுக்குப் பதிலாக வந்த "பெரிய" செல்லும் 40 கிராம்தான் என்றால், திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து தடிமன். டிஜிட்டல் காலிப்பரால் நடுவிலும் இரு முனைகளிலும் அளவெடுங்கள், இறுக்காமல். பழைய செல் வீங்கியிருந்தால் அதன் அளவை நம்பாதீர்கள். அதே மாடலின் நல்ல செல் ஒன்றின் அளவு கையில் இருக்க வேண்டும். புதிய செல் பாதிச் சார்ஜில்தான் வரும். முழுச் சார்ஜில் இன்னும் கொஞ்சம் தடிக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பிறகு உள்ளே இருக்கும் இடைவெளி. பின்மூடி வழியாகத் திறக்கும் போனில் செல்லின் மேல் மூன்று இடங்களில் 2 மி.மீ. அளவு மென்களிமண் உருண்டைகளை வையுங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள். மூடியைத் தன் இடத்தில் மெதுவாகப் பொருத்தி, உடனே எடுத்துப் பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்களிடம் இருக்கும் இடம். அது செல்லின் தடிமனில் பத்தில் ஒன்றுக்குக் கீழே போனால் அந்தச் செல் அந்தப் போனுக்கு உரியதல்ல.

கடைசியாக, சார்ஜ் உச்ச வோல்டேஜ். செல்லின் மேலேயே அச்சிட்டிருக்கும்: 4.35, 4.45, 4.48 என்று. எந்த உச்சம் வரை சார்ஜ் ஏற்றுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. 4.48-க்கு ஏற்றும் போனில் 4.35 செல்லைப் போட்டால், வாயு சேர்ந்து அது உப்புவது உறுதி. கிராஃபைட்டோடு சிலிக்கானும் சேர்ந்த சிலிக்கான் கார்பன் செல்லுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் அழுத்தமாக. லித்தியத்தை முழுதாக ஏற்கும்போது சிலிக்கான் மூன்று மடங்குவரை கூடுதலாகப் பருக்கும். கார்பனோடு கலந்து, சுற்றிலும் இடம்விட்டுத்தான் அதை அடக்குகிறார்கள். அதற்கென்று வடிவமைக்காத போனுக்குள் அதைத் திணிக்காதீர்கள்.

திரை தூக்கிய போனை ரப்பர் பேண்ட் போட்டு, பசை வைத்து ஒட்டிக் கொடுப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். திரை தூக்குவதுதான் போன் உங்களுக்குத் தரும் ஒரே எச்சரிக்கை. தயவுசெய்து அதை ஒட்டி மூடாதீர்கள்.

பழைய பசைக்கு மேலேயே புதுப் பசை

0.15 மி.மீ. போச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுச் சுரண்டி எடுங்கள்.

"நாள் முழுக்க வருகிறது, அது போதும்" என்பது

முதல் ஆண்டில் போதும். ஒருவர் ஒரு நாளைக்கு 4000 எம்ஏஎச் செலவழிக்கிறார் என்று வையுங்கள். பேட்டரியின் முழுக் கொள்ளளவு ஒருமுறை செலவானால் அது ஒரு சுழற்சி. 4900 எம்ஏஎச் பேட்டரியில் அந்தச் செலவு 0.82 சுழற்சி, 3900-இல் 1.03 சுழற்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, போன் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்க வேண்டும். அந்த 800-ஐப் பெரிய பேட்டரி ஏறக்குறைய 980 நாளில் எட்டும். சிறியது 780 நாளில் எட்டிவிடும். ஒல்லி போன் குறைவான பேட்டரியோடு தொடங்கி, அதையும் சீக்கிரம் இழக்கிறது. தேய்ந்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பதைத்தான் வாங்குமுன் கணக்கிட வேண்டும்: 3900-இல் 80 சதவீதம் 3120. அந்த 3120-இல் உங்கள் நாள் ஓடுமா?

ஒல்லி போனுக்குத் தடித்த கேஸ்

மெலிந்த உடலில் சூட்டை வாங்கிப் பரப்பப் பொருள் குறைவு. அதன் மேல் தடித்த ரப்பர் கேஸும் சேர்ந்தால் வேகச் சார்ஜின் சூடு உள்ளேயே நிற்கும். செல்லை உப்ப வைப்பதில் சூடும் முழுச் சார்ஜும் கூட்டாளிகள். வேகச் சார்ஜ் போடும்போது கேஸைக் கழற்றுங்கள். இரவு முழுக்க மாட்டி வைப்பவர்கள் 80 சதவீத வரம்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உப்பிய செல்லைக் குத்தி வாயுவை வெளியேற்றுவது

ஒருபோதும் வேண்டாம்.

போனை அணையுங்கள். திரையில் சூடு காட்டாமல், ஓரத்தில் ஏற்கெனவே விட்ட இடைவெளியிலிருந்தே பிளாஸ்டிக் கருவியால் திறங்கள். முதலில் கனெக்டரைக் கழற்றுங்கள். இழுக்கும் டேப் இருந்தால் செல்லுக்கு ஏறக்குறைய இணையாக, தாழ்வான கோணத்தில், மெதுவாக இழுங்கள். அறுந்துவிட்டால் ஓரத்தில் சில துளி ஆல்கஹால் விட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். செல்லை வளைக்காமல் எடுத்து, முனைகளில் காப்பு டேப் ஒட்டி, மணல் நிரப்பிய உலோகப் பெட்டியில் வையுங்கள். பெட்டியை இறுக மூட வேண்டாம். குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பிடத்தில் கொடுங்கள். புதிய செல்லைப் பொருத்துமுன் குழியின் அடியில் தங்கிய திருகாணியோ பசைத் துணுக்கோ இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.