பேஸ் கிட்டாரில் ஃபோம் மியூட்: எங்கே, எவ்வளவு?

ஃபோம் மியூட் என்பது கம்பிகளின் அதிர்வை அடக்கும் மென்மையான ஸ்பாஞ்ச் துண்டு. பழைய ஃபெண்டர் நிறுவன பேஸ்களில் பிரிட்ஜின் (உடலில் கம்பிகள் பிணைந்திருக்கும் பகுதி) மூடி வெறும் அலங்காரம் இல்லை. அதன் உட்புறம் ஒட்டிய ஃபோம் கம்பிகளை மேலிருந்து அழுத்தி, 'தும்' என்று குறுகிய ஒலி தரும். மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒலியில் ஃபிளாட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய) கம்பியோடு இந்த ஃபோமுக்கும் பங்குண்டு.

மூடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு கம்பி பேஸுக்கு 7 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் மென்மையான ஸ்பாஞ்ச் வெட்டி, சாடில்களை (பிரிட்ஜில் கம்பிகள் அமரும் சிறு தாங்கிகள்) ஒட்டி கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். தடிமன் கம்பிக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைவிட 2, 3 மி.மீ. கூட இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் சுருதி பிசகும், ஒலி கட்டை தட்டுவது போலாகிவிடும். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) பக்கம் நகர்த்தினாலும் அதே கதிதான். மெல்லிய ஜி கம்பியின் ஒலி மட்டும் செத்துப்போனால் அந்த முனையைக் கொஞ்சம் சீவிவிடுங்கள். செருகிய பின் ட்யூனரில் மறுபடி பாருங்கள்.

மூடி போடுவதானால், உயர்த்திய சாடிலில் அது இடித்துக் கடகடக்கிறதா என்று துளையிடும் முன்பே வைத்துப் பாருங்கள். உள்ளங்கையால் மியூட் செய்பவர்களுக்கு மூடி இடைஞ்சல்தான். ஃபோம் நாளடைவில் பொடிந்து பிசுபிசுக்கும், அதற்குள் மாற்றிவிடுங்கள்.