கருவாடும் பிரசர் குளிசையும்

பிரசர், அதாவது உயர் இரத்த அழுத்தம், இருந்தால் கல்முனைச் சந்தையில் வாங்கிய கருவாட்டை அப்படியே சட்டியில் போட்டுவிடாதீர்கள். சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அந்த நீரைக் கொட்டி, இன்னொரு முறை கழுவுங்கள். கொட்டும் நீரில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். குழம்புக்குத் தனியாக உப்பும் வேண்டாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்புத்தான் எல்லை. சம்பலும் ஊறுகாயும் அதற்குள் அடக்கம். (என் அம்மா இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த கையோடு பிரசர் பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். தேநீர் குடித்து அரை மணி நேரமாவது கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தலைசுற்றவில்லையே என்று குளிசையை நிறுத்துவதுதான் பெரிய பிழை. இந்த நோய் வலிக்காது. பாரிசவாதமோ சிறுநீரகப் பழுதோ வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் பார்த்து, குளிசை முடிவதற்கு முன்பே போய்விடுங்கள்.