உதகையில் ஒருநாள் பழம்பொருள் பயிலரங்கு நடத்தும் முறை

கலை வரலாற்றுக்கும் பழம்பொருளுக்கும் ஒருநாள் பயிலரங்கு நடத்த விரும்பும் சங்கம் பேச்சாளரைத் தேடுவதற்கு முன் பொருளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பெருங்கற்காலக் கல்வட்டம் முதல் தோட்டத் துரைமார் பங்களா வரை ஒரே நாளில் சொல்லி முடிக்க முயன்றால், மாலையில் எவர் மனத்திலும் எதுவும் தங்குவதில்லை. ஓரிரு வகைப் பொருட்கள் போதும். அவை மேசைமேல் வைத்துச் சுற்றி நின்று பார்க்கக் கூடியனவாக இருக்க வேண்டும்.

சீசன் மாதங்களையும் தென்மேற்குப் பருவமழையையும் தவிர்த்து, பிப்ரவரி வாக்கில் நாள் குறிப்பது நல்லது. காலை உறைபனியைக் கருதி 10.30 மணிக்குத் தொடங்கலாம். மின்சாரம் நின்றாலும் பார்க்கும்படி பெரிய சன்னல்கள் உள்ள அறையாக அமையட்டும். மூடுபனி நாளொன்றில் படக்காட்சியை மட்டுமே நம்பி, இருட்டில் ஒரு மணி நேரம் தேநீர் குடித்த அனுபவம் எனக்கு உண்டு.

முற்பகலுக்குத் தோடர்களின் பூவேலைப் போர்வையான பூத்துக்குளியைவிடப் பொருத்தமான பொருள் இங்கே இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலைக் கொண்டு, வரைபடம் ஏதுமின்றி, இழைகளை எண்ணியே பெண்கள் இப்பூவேலையைச் செய்கிறார்கள். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முதல் அரை மணி நேரம் விளக்கம் எதுவும் சொல்லாமல் உருப்பெருக்கியைக் கொடுத்து, இரு பக்கங்களையும் பார்த்து இழைகளை எண்ணச் சொல்லுங்கள். பிறகு பேச வருபவர் தையல் அறிந்த தோடர் பெண்மணியாகவே இருக்கட்டும். பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் தர வேண்டும். இதில் சங்கங்கள் தயங்குவது எனக்கு விளங்கியதே இல்லை.

அடுத்து, உறுப்பினர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பொருட்கள். பங்களா ஏலங்களில் வாங்கிய கரண்டிகளும் பீங்கான் தட்டுகளும்தான் பெரும்பாலும் வரும். நடக்கும் சிங்க முத்திரை இருந்தால் அது ஆங்கிலேய வெள்ளி, ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் வெள்ளி முலாம் மட்டுமே. பீங்கானின் அடியில் நாட்டின் பெயர் அச்சிடப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருளில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டுமென அமெரிக்கச் சட்டம் அப்போது வற்புறுத்தியதே காரணம். வெள்ளியைப் பருத்திக் கையுறையுடன் எடுக்கலாம். பீங்கானுக்குக் கையுறை வழுக்கும், ஆகவே கழுவி உலர்த்திய வெறுங்கையே நல்லது. விலை மதிப்பீடு கிடையாது என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள், இல்லையேல் நாள் முழுவதும் அதிலேயே கழியும்.

சட்டத்தையும் கால் மணி நேரம் விளக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளும், 75 ஆண்டு கடந்த, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படியும் தொல்பொருள்களாகும். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. யானைத் தந்தப் பொருளை மேசைக்கே அனுமதிக்காதீர்கள். கல்லறையில் தோண்டியெடுத்த பானை என்று எவரேனும் கொண்டுவந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை நினைவூட்டி, மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்ல வேண்டும். நீலகிரியின் முதல் ஆணையரான பிரீக்ஸ் கல்லறைகளில் எடுத்த, மூடிமேல் விலங்குருவம் அமைந்த மட்கலங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டதால், அவற்றுக்குப் புகைப்படமே போதும்.

பிற்பகலில் புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு அழைத்துச் செல்லலாம். 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புசுல்தான் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, ஆலய நிர்வாகத்திடம் எழுத்து மூலம் முன்அனுமதி பெறுங்கள். உத்தரங்கள் உயரத்தில் இருப்பதால் நான்கைந்து இருநோக்கிகளை எடுத்துச் செல்ல வேண்டும்.