தொந்தரவு செய்பவரிடம் பிள்ளைகள் எப்படிப் பேசலாம்?

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் போனில் சத்தமாக வீடியோ பார்த்தால், "அண்ணா, சத்தம் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா? நாளைக்குப் பரீட்சை, படிச்சிட்டிருக்கேன்" என்று கேட்கப் பிள்ளையைப் பழக்குங்கள். இதில் மூன்று பகுதி: முறை சொல்லி அழைப்பது, என்ன வேண்டும் என்பது, சின்னதாய் ஒரு காரணம். நண்பனிடம் என்றால், "டேய், பெஞ்சை உதைக்காதடா, எழுத்து கோணுது."

"ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று ஆரம்பித்தால் எதிராளி பதில் சொல்லத்தான் பார்ப்பார், அது வாக்குவாதமாகிவிடும். செய்ய வேண்டியதைக் கேட்டால் அவர் தன் மரியாதை கெடாமல் செய்துவிடலாம். முதல் எரிச்சலிலேயே கேட்பது முக்கியம். அடக்கி வைத்துக் கேட்டால் நல்ல வார்த்தையும் சண்டைக் குரலில்தான் வரும். வீட்டில் நீங்களே தொந்தரவு செய்பவராக நடித்து, வாய்விட்டு நாலைந்து முறை சொல்ல வையுங்கள். மனசுக்குள் ஒத்திகை பார்த்தது கூச்சத்தில் வெளியே வராது. இரண்டாவது முறை சொல்லியும் அவர் கேட்கவில்லையா, பிள்ளை இடம் மாறிவிடலாம்.

தொடுவது, ஆபாசப் பேச்சு, மிரட்டல், குடிபோதை இருந்தால் இது பொருந்தாது. அங்கே பணிவே வேண்டாம்: குரலை உயர்த்தி "தள்ளிப் போங்க" என்று சொல்லி விலகி, உடனே பெரியவர்களிடமோ 1098 குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்ல வேண்டும்.